சிறுதேர்த் தேர்வு

குழந்தையை இருத்தியோ கிடத்தியோ பெரியவர் ஒருவர் பின்னின்று உருட்டிச் செல்லும் ஊர்திக்குத் தமிழில் எல்லோரும் ஒப்பிய பெயர் ஒன்று இன்னும் அமையாதிருப்பதே, அதனைத் தேர்ந்தெடுக்கப் புறப்படும் தமிழ்ப் பெற்றோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு ஆகும். 'தள்ளுவண்டி' என்றால் தமிழ்நாட்டு வாசகரின் மனக்கண்ணில் தெருமுனையில் ஆவி பறக்கும் இட்லிப் பானை தோன்றுகிறது. 'முச்சக்கர வண்டி' என்றால் இலங்கை வாசகர் ஆட்டோவை நினைத்துக்கொண்டு வாடகை பேசத் தொடங்கிவிடுகிறார். 'பிராம்' என்பது பச்சிளம் குழந்தை மல்லாந்து செல்லும் தொட்டில் வண்டியை மட்டுமே குறிப்பது. 'ஸ்ட்ரோலர்' அமெரிக்கர் வழக்கு. பிரித்தானியர் செல்லமாகச் சொல்லும் 'பக்கி' என்ற சொல்லோ தமிழ்நாட்டில் ஏற்கெனவே வசவாகப் புழங்குவதால், குழந்தை இருக்கும் இடத்தில் அதனைப் பயன்படுத்துவது முறையாகாது. சக்கரத்தைச் 'சில்லு' என்னும் ஈழத்தமிழர் வழக்கு சுருக்கமாக இருப்பதால், மூன்று சக்கரம் உடைய வண்டியை 'முச்சில்லு' என்றும் நான்கு உடையதை 'நாற்சில்லு' என்றும், இரண்டுக்கும் பொதுப்பெயராக, இட்லிப் பானையைப் பொறுத்துக்கொண்டு, 'தள்ளுவண்டி' என்றும் இக்கட்டுரை வழங்கும்.

இப்பெயர்கள் முக்காலி, நாற்காலி என்னும் பழைய பெயர்களின் அச்சில் வார்க்கப்பட்டவை என்பதை வாசகர் உடனே உணர்ந்திருப்பர். அமரும் பொருளுக்குக் காலை எண்ணிப் பெயர் வைத்த மொழியில் பிறந்தவர்கள், உருளும் பொருளுக்குச் சக்கரத்தை எண்ணித் தயங்குவது வியப்பன்று. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்பது வடிவியலின் தொடக்கப் பாடம். அதனாலேயே முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்க, நாற்காலி மட்டும் தன் ஒரு காலுக்கடியில் மடித்த காகிதம் கேட்டு அடம்பிடிக்கிறது. மேடுபள்ளமான நடைபாதையில் நாற்சில்லின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி நிற்கும் வேளையிலும், முச்சில்லின் மூன்று சக்கரங்களும் மண்ணைத் தொட்டுக்கொண்டே செல்லும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆயினும் ஆடாமல் நிற்பது வேறு, கவிழாமல் நிற்பது வேறு. ஒரு பொருளின் எடைமையம், அதாவது அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, அதன் கால்களை இணைக்கும் எல்லைக்கோட்டுக்குள் அடங்கும் பரப்புக்கு நேர்மேலே இருக்கும் வரையில்தான் அப்பொருள் நிற்கும். நாற்சில்லில் அந்த எல்லை ஏறத்தாழ நீள்சதுரம். முச்சில்லில் அது முன்னே செல்லச் செல்லக் குறுகும் முக்கோணம். ஆகவே நடைபாதை விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கும்போது முன்மூலையில் தாங்குவதற்கு ஆள் இல்லாமற் போகிறது. இந்த உண்மையை உலகுக்கு மிகத் திறம்பட விளக்கியவர் எந்த அறிவியல் ஆசிரியரும் அல்லர். 1990இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் நீல நிற ரிலையன்ட் மூன்று சக்கரக் காரை மீண்டும் மீண்டும் கவிழச் செய்த மிஸ்டர் பீன்தான். தள்ளுவண்டிகள் அந்தக் காரைப் போலன்றி, 'ஈஎன் 1888' என்னும் ஐரோப்பியத் தரவிதியின்படி சாய்தளத்தில் எடை ஏற்றிச் சோதிக்கப்பட்ட பின்னரே விற்பனைக்கு வருகின்றன என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். அச்சோதனை, கைப்பிடியில் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு புட்டிப் பாலும் தொங்கவிடும் தகப்பனைக் கணக்கில் கொள்வதில்லை. அவ்வாறு தொங்கவிட்டால் முச்சில்லு, நாற்சில்லு என்ற வேற்றுமையின்றி எந்த வண்டியும் பின்புறமாக மல்லாரும்.

முச்சில்லின் தொன்மையை நிறுவ விரும்பும் தமிழர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பட்டினப்பாலையில், உலரும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டுவதற்காகப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிய, அந்தக் காதணி, பொன்னணிந்த காலையுடைய சிறுவர்கள் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடந்ததாக ஒரு காட்சி வருகிறது. இவ்வாறு வழிமறிக்கும் பகையைத் தவிர வேறு பகையை அவ்வூர் அறியாது என்று புலவர் அதனை ஊரின் பெருமையாக்குகிறார். அச்சிறுதேர் விளையாட்டுப் பொருளே, குழந்தை ஏறிச் செல்லும் ஊர்தி அன்று. எனினும் மூன்று சக்கர வண்டியை உருட்டுவோர்க்கு எதிரி என்பவன் பெரும்படையோடு வருபவன் அல்லன், தரையில் கிடக்கும் ஒரு சிறு பொருளே என்பதைப் புலவர் அன்றே கண்டுகொண்டார் என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. தளர்நடைக் குழந்தை பிடித்துக்கொண்டு நடக்கும் மர நடைவண்டிக்கும் மூன்று சக்கரமே உண்டு. ஆனால் அதில் உழைப்பவர் குழந்தை. பெற்றோர் வேடிக்கை பார்ப்பர்.

ஐரோப்பாவில் இந்த உழைப்பு கைமாறிய கதை வேறு. 1733இல் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சங்கு வடிவில் அமைத்த வண்டியை ஆடு போன்ற சிறு விலங்கு இழுத்துச் செல்லும்படி வகுத்திருந்தார். தகப்பனுக்கு வேலை வைக்காத இந்த ஏற்பாட்டைப் பின்வந்தோர் ஏன் கைவிட்டனர் என்பது விளங்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் நடுவில், முன்னிருந்து இழுப்பது ஒழிந்து பின்னிருந்து தள்ளுவது வழக்கமானபோது, லண்டன் தெருக்களில் புழங்கிய தொடக்ககாலப் பிராம்கள் பலவும் முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று சக்கரம் கொண்டவையாகவே இருந்தன. ஆகவே இன்று கடைக்காரர் புதுமை என்று காட்டுவது பாட்டனுக்குப் பாட்டன் தள்ளியதே.

முச்சில்லின் மற்றொரு பெருமை காற்றடைத்த டயர். இந்த டயர் நடைமுறைக்கு வந்ததே ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டியை முன்னிட்டுத்தான் என்பது பலரும் அறியாதது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவதைக் கண்டு, 1887இல் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பதிவு செய்திருந்தமையால் அக்காப்புரிமை பின்னர் செல்லாதாயிற்று. டயர் மட்டும் தங்கிவிட்டது.

இடையில் 1965இல், ஸ்பிட்பயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓவன் மெக்லாரன் என்னும் பொறியாளர், பேரக்குழந்தையின் கனத்த வண்டியைக் கண்டு மனம் நொந்து, குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டி ஒன்றை வடிவமைத்தார். 1967இல் விற்பனைக்கு வந்த அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பிறந்த குழந்தையின் எடையும் ஏறத்தாழ அதுவே என்பதால், பயணியும் ஊர்தியும் எடையில் சமமாக நின்ற பொற்காலம் என்று அதனைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா என்னும் ஊரில் பத்திரிகைத் துறையில் இருந்த பில் பேக்லர், ஓடும்போது மகனையும் உடன் கொண்டு செல்ல விரும்பி, தள்ளுவண்டியில் மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்தி 1984இல் விற்கத் தொடங்கியதோடு அப்பொற்காலம் முடிவுக்கு வந்தது. 1990களில் நியூசிலாந்துக்காரர்கள் அதனை மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் ஏற்றவாறு வலுப்படுத்தினர். இன்று முழு அளவு முச்சில்லு பத்து முதல் பதினான்கு கிலோ வரை எடை உடையது. பயணியைப் போல் மூன்று நான்கு மடங்கு.

மலைக்கும் ஓட்டத்துக்கும் பிறந்த இவ்வண்டி, மலையும் ஏறாத, பேருந்தைப் பிடிக்கவன்றி வேறெதற்கும் ஓடாத லண்டன் புறநகர்க் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் புகுந்த விதமே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. தள்ளுவண்டிக் கடையில் கம்பளம் விரித்த தரை பத்தடி உண்டு. அதில் எந்த வண்டியும் அன்னம்போல் நகரும். பெட்டியின் மேலுள்ள படத்திலோ ஒரு மலை இருக்கிறது. வாங்குபவர் நிற்பது கம்பளத்தில், பார்ப்பது மலையை. அவர் நாள்தோறும் நடக்கப் போகும் இடமாகிய பால் வாங்கும் கடைக்கும் பிள்ளைகள் நலமையத்துக்கும் இடைப்பட்ட நடைபாதை இரண்டிலும் இல்லை. கருவுற்ற ஒன்பது மாதமும் மனைவி படிக்கக் கொடுத்த நூல்களில் ஒரு பக்கத்தையும் புரட்டாத கணவர், 'அதிர்வுதாங்கி', 'கைத்தடை', 'டயர் அழுத்தம்' ஆகிய சொற்களைக் கேட்டதும் திடீரென்று தந்தைமையை உணர்கிறார். அதுவரை 'ஏதாவது வாங்கு' என்றவர், அன்றிரவு இரண்டு மணி வரை முன்சக்கரத்தின் விட்டம் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார். விலை பல நூறு பவுண்டாக இருப்பினும், தள்ளுபடி விலையில் தள்ளுவண்டி என்ற ஒலியொற்றுமையில் மயங்கி வாங்கிவிடுபவரும் உண்டு.

அம்முன்சக்கரம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. தன் அச்சில் தானே திரும்பும் சக்கரத்தைச் 'சுழல்சக்கரம்' எனலாம். மெதுவாகச் செல்லும்போது ஒற்றை விரலால் வண்டியைத் திருப்ப உதவும் அதே சக்கரம், வேகம் கூடினால் பேரங்காடித் தள்ளுகூடையின் சக்கரத்தைப் போல் இடமும் வலமும் படபடத்து, வண்டியைத் தன் விருப்பத்துக்கு இழுக்கும். ஆகவே ஓடுவோர் அதனை நேராகப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய பின் வண்டி நேராக மட்டுமே போகும் என்பதால், திருப்பம் வரும்போதெல்லாம் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். மேலும், கழுத்து நன்கு நிற்காத குழந்தையை வைத்துக்கொண்டு ஓடலாகாது என்பதால், ஆறு மாதமேனும் ஆகட்டும் என்று தயாரிப்பாளர் பலரும் கையேட்டில் எழுதுகின்றனர். அந்த ஆறு மாதத்தில் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிடுகிறது. தகப்பனுக்கு ஓடும் எண்ணம் நின்றுவிடுகிறது. பிறந்த குழந்தையைத் தட்டையாகவே கிடத்த வேண்டும் என்பதையும், அதற்கேற்ப இருக்கை முழுவதும் சாயாத முச்சில்லு முதல் அரையாண்டுக்கு வீட்டு மூலையை அலங்கரிக்கவே பயன்படும் என்பதையும் வாங்கிய பிறகு அறிபவர்கள் மிகப் பலர்.

ஒற்றை முன்சக்கரம் நடுக்கோட்டில் செல்வதன் விளைவுகளைச் சென்னை ஆட்டோவில் சென்றவர்க்கு விளக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரம் உடையது ஒரு குழியை இரு சக்கர வரிசைகளுக்கு இடையே விட்டுக் கடந்துவிடலாம். மூன்று வரிசைத் தடம் உடையதற்கு அந்தச் சலுகை இல்லை. அதைவிடப் பெரிய தீங்கு, முன்சக்கரம் நுழைந்த இடத்தில் மற்ற இரண்டும் நுழைந்தே தீரும் என்று ஆட்டோ ஓட்டுநருக்கு உள்ள அசைக்க முடியாத நம்பிக்கை, முச்சில்லைப் பிடித்த சில நாள்களிலேயே மனிதரைத் தொற்றிக்கொள்வதாகும். கடையின் இரு அலமாரிகளுக்கிடையே மூக்கை நுழைத்துவிட்டுப் பின்சக்கரம் மாட்டிக்கொண்டு, தக்காளி ரசப் புட்டிகளின் நடுவே நிற்கும் தகப்பன்மாரை லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் காணலாம். பின்சக்கரங்களுக்கிடையே அகலம் அறுபது செ.மீ. அளவில் இருக்கும். பிரித்தானிய வீடுகளின் உள்கதவு வழக்கமாக 76 செ.மீ.; பழைய தொடர்வீடுகளில் 68 செ.மீ. அளவே உண்டு, அதிலும் கதவின் கனம் போகவே வழி. இரட்டையர்க்கான அகல வண்டி 75 செ.மீ. என்று சொல்லி விற்கப்படும்போது, எஞ்சும் ஒரு செ.மீ.யில் தள்ளுபவரின் விரல் மொளிகள் இரண்டு பக்கமும் அடங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

டயரின் காற்று பற்றி மேலே புகழ்ந்துரைத்ததற்கு ஈடாக ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலேய நாட்டுப்புற வேலிகளில் 'ஹாதார்ன்' என்னும் முள்மரம் மிகுதி. இலையுதிர்காலத்தில் அதனைக் கத்தரித்துப் பாதையில் சிதறவிடுவது அங்குள்ள வழக்கம். பட்டினப்பாலைக் காதணியின் இடத்தை அம்முள் பிடித்துக்கொள்கிறது. குழந்தை, பால்புட்டி, அணைத்துணி, துடைக்கும் துணி ஆகியவற்றோடு பஞ்சர் ஒட்டும் பசையும் எடுத்துச் செல்ல வேண்டிய ஒரே தள்ளுவண்டி இதுதான். பஞ்சராகாத நுரைச் சக்கரமும் உண்டு. அதனைப் பொருத்திய முச்சில்லு குலுங்கும் என்பதால் டன்லப் பட்ட பாடு வீணாகிறது.

வண்டியை மடித்துக் காரில் ஏற்றும் கலை தனி நூலுக்குரியது. சிறிய கார்களின் பின்பெட்டி 250 முதல் 300 லிட்டர் கொள்ளளவு உடையது; முச்சில்லை மடித்தால் அது தன் பருமனில் ஒரு சிறு பகுதியை மட்டுமே, அதுவும் மனமின்றியே, விட்டுக்கொடுக்கும். சக்கரங்களைக் கழற்றினால் உள்ளே போகும். கழற்றிய சக்கரங்களின் சேறு இருக்கையில் படியும். இருக்கையில் குழந்தை இருக்க வேண்டும். குழந்தை இருந்தால் மளிகைக்கு இடமில்லை. இப்புதிருக்குப் பெரிய கார் வாங்குவதையே விடையாகக் கண்ட குடும்பம் ஒன்றை இக்கட்டுரையாசிரியர் அறிவார். தள்ளுவண்டியின் விலையில் அந்தக் காரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அக்குடும்பத் தலைவியின் கருத்து.

கார் இல்லாதோர்க்குப் பேருந்தும் சுரங்க ரயிலும் உள்ளன. லண்டன் சுரங்க ரயிலின் 270க்கு மேற்பட்ட நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே படியேறாமல் மேடையை அடையலாம்; ஏனையவற்றில் வண்டியை ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் தூக்க வேண்டியிருப்பதால், அறிமுகமற்ற லண்டன்வாசிகள் ஒருவரோடொருவர் பேசும் அரிய வாய்ப்பு கிட்டுகிறது. பேருந்தின் நிலைமை நகைப்புக்கு அப்பாற்பட்டது. 2012 பிப்ரவரியில் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பேருந்தில் ஏற வந்த டக் பவுலி என்னும் சக்கர நாற்காலிப் பயணிக்குரிய இடத்தில், உறங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. அதன் தாய், வண்டி மடங்காது என்று சொல்லி நகர மறுக்க, பவுலி அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஓட்டுநர் ஒருமுறை வேண்டிக்கொண்டு வாளாவிருத்தல் போதாது, தேவையானால் பேருந்தை நிறுத்திவைத்தேனும் வற்புறுத்த முற்பட வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அவ்விடம் முதலில் சக்கர நாற்காலிக்கே உரியது. ஆகவே உறங்கும் குழந்தையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் மடிக்க இயலாத எந்த வண்டியும், சக்கரம் மூன்றாயினும் நான்காயினும், பேருந்தில் செல்லும் குடும்பத்துக்கு உதவாது.

முச்சில்லில் குழந்தை பெரும்பாலும் தள்ளுபவருக்கு முதுகு காட்டியே அமர்கிறது. டண்டி பல்கலைக்கழகத்தின் சுசான் ஸீடிக் 2008இல், பிரித்தானியத் தெருக்களில் 2,700க்கு மேற்பட்ட பெற்றோர், குழந்தை இணைகளைக் கவனிக்கச் செய்து, முகம் நோக்கிய வண்டிகளைத் தள்ளுவோர் குழந்தையோடு பேசுவது ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி என்று கண்டார். பேச வேண்டிய வாய் தள்ளும் மூச்சுக்கே போதாதபோது முச்சில்லைத் தள்ளுவோர் பேசாதிருப்பது இயல்பே. ஆறு மாத விசாவில் வந்திறங்கிய அம்மம்மா ஒருவர், வாசலை அடைத்து நின்ற முச்சில்லைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தூக்கேலாத ஆக்களுக்குத்தான் உது" என்று கூறி, பேரனை இடுப்பில் இருத்திக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். இடுப்பு எந்தக் கதவிலும் நுழையும், பேருந்தில் இடம் கேட்காது, குழந்தையின் முகத்தையும் மறைக்காது. அதற்கு உத்தரவாதக் காலம் இல்லை என்பது மட்டுமே குறை. அக்குறையும் மூன்றாம் நாள் முதுகுவலியாக வெளிப்பட்டு, அம்மம்மாவே முச்சில்லைத் தள்ளத் தொடங்கினார் என்பதைப் பதிவு செய்யாவிடின் வரலாறு குறையுடையதாகும்.

தீர்ப்பு இதுவே: தரைத்தள வீடும், வாசலை ஒட்டிய புல்வெளியும், கால்வாய்க்கரைச் சேற்றில் நாள்தோறும் நடக்கும் பழக்கமும் உடையோர்க்கு முச்சில்லுக்கு நிகரான வண்டி இல்லை. மூன்றாம் மாடியில் மின்தூக்கியின்றி வாழ்வோர் அதனைப் படத்தில் பார்த்து மகிழலாம். எவ்வகையை வாங்குவதாயினும், கடைக்குச் செல்வோர் அதற்கு முன் வீட்டுக் கதவையும் காரின் பின்பெட்டியையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுமாறும், குழந்தையின் எடைக்கு ஈடான ஒரு மூட்டை அரிசியைக் கையோடு கொண்டுபோய், அதனை ஒரு கையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் முன்னிலையில் மறு கையால் வண்டியை மடித்துப் பார்க்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.